“அஞ்சு கிலோவுக்கு மேல ஏறவே கூடாது டாக்டர்!”

சேலம் அம்மாப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி, நோட்டுத் தாளில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அடையாளம் தெரியக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இது:

வயது 26. முதல் கர்ப்பம், 23 வாரம் முடிந்திருக்கிறது. உயரம் 155 செ.மீ. கர்ப்பம் தரிக்கும்போது எடை 66 கிலோ. புடவைக் கடையில் சேல்ஸ் வேலை, காலை பத்திலிருந்து இரவு எட்டரை வரை. வீட்டுக்காரர் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறார். அக்காவுக்கு ஒன்றரை வருடத்துக்கு முன் பிரசவம் ஆனது. கர்ப்பத்தில் 22 கிலோ ஏறி, எட்டாம் மாதத்தில் சர்க்கரை இருப்பது தெரிந்து, 3.9 கிலோ குழந்தையை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஏறிய எடை இன்னும் இறங்கவில்லை. மூன்றாம் மாதத்தில் இவரைப் பார்க்க வந்த நாத்தனார், “நீயும் உங்கக்கா மாதிரி ட்ரம்மு ஆயிடாதே” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாராம்.

அன்றைக்கு எடுத்த முடிவு: பத்து மாதமும் சேர்த்து 5 கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது. நான்காம் மாதத்திலிருந்து இரவுச் சாப்பாடு கிடையாது, எலுமிச்சை பிழிந்த சீரகத் தண்ணீர் மட்டும். காலையில், பக்கத்துத் தெருவில் ‘நியூட்ரிஷன் கிளப்’ நடத்துபவர் கொடுத்த ஷேக் பவுடர். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் இரண்டு மாதமாகத் தொடவில்லை. கால்சியம் சாப்பிட்டால் குழந்தையின் மண்டை எலும்பு கெட்டியாகி சுகப்பிரசவம் ஆகாது என்று கடையில் கூட வேலை பார்ப்பவர்கள் சொன்னார்களாம். தினமும் காலையில் மெஷினில் ஏறிப் பார்க்கிறார். 12-ம் வாரம் 66.5 கிலோ, 18-ம் வாரம் 68, இப்போது 67.2. “குறைய ஆரம்பிச்சிருச்சு டாக்டர், சந்தோஷமா இருக்கு. குழந்தையும் சின்னதா இருந்தா சுகப்பிரசவம் ஆயிடும்ல? ஆனா அத்தை ரெண்டு பேருக்குச் சாப்பிடுன்னு தட்டுல போட்டுக்கிட்டே இருக்காங்க. யார் சொல்றது சரி?” என்று கேட்டிருக்கிறார்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், வேறு பேனாவில் ஒரு வரி: “அத்தை கட்டாயப்படுத்திச் சாப்பிட வெச்ச அன்னிக்கு மட்டும் ரெண்டு மூணு தடவை விரல் விட்டு வாந்தி எடுத்துட்டேன். இது தப்பா?”

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு பக்கத்தையும் படித்துவிட்டு, மறுபடி திருப்பிப் பார்த்தது அந்த ஓரத்து வரியைத்தான். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். தப்பா என்று கேட்கிறீர்கள். திட்டுவதற்கு இதில் ஒன்றுமில்லை. காய்ச்சல் வந்தால் எப்படிக் கவனிப்போமோ அப்படிக் கவனிக்க வேண்டிய ஓர் அறிகுறி, அவ்வளவுதான். இரண்டு மூன்று தடவை எடுத்ததால் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அது பழக்கமாகிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

கர்ப்பிணி வாந்தி எடுத்தால் வீட்டில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. மசக்கை என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு மசக்கை ஐந்தாம் மாதத்துக்குள் அடங்கிவிடும். ஆனாலும் ஆறாம் மாதத்தில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தால்கூட அந்தப் பெயரே மறைப்பாக நின்றுவிடும். இதில் எங்கள் பக்கத்துத் தவறும் உண்டு. எடை, பிரஷர், வயிற்றின் அளவு என எல்லாம் குறித்துக்கொள்ளும் நாங்கள், “சாப்பிட்டதை நீங்களா வெளியே எடுக்கிறீங்களா?” என்று கேட்பதே இல்லை. பல வருடங்களுக்கு முன் ஏழாம் மாதத்தில் ஒரு பெண்ணை மயங்கிய நிலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் இறங்கியிருந்தது. காரணம் தெரிய மூன்று நாள் ஆயிற்று. அதற்கப்புறம்தான் நான் கேட்க ஆரம்பித்தேன்.

அடுத்த செக்கப்பில் இந்த ஒரு வரியை டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்லுங்கள். அத்தை கூடவே வந்தாலும் பரவாயில்லை. “செக் பண்ணணும், கொஞ்சம் வெளியே இருங்கம்மா” என்று சொல்லி அனுப்புவது எங்களுக்குத் தினமும் பழக்கம். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணைக் கூப்பிடலாம். அரசாங்கத்தின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். சாப்பாட்டைப் பார்த்தால் பயம், சாப்பிட்டபின் குற்ற உணர்ச்சி, கண்ணாடியைப் பார்த்தால் அழுகை என்று போனால் ஆலோசகரை நேரில் பார்ப்பதே நல்லது. கர்ப்பத்தில் இது பலருக்கும் வருகிறது. யாரோ ஒருத்தர் சிரித்துக்கொண்டே சொன்ன ‘ட்ரம்மு’ மூன்று மாதம் ஒரு பெண்ணின் தட்டில் உட்கார்ந்திருக்க முடியும் என்பது நாத்தனாருக்குத் தெரிந்திருக்காது. வீட்டுக்காரரிடம் சொல்லி, இனி இந்தப் பேச்சு வேண்டாம் என்று அவர் மூலமாகவே சொல்லச் சொல்லுங்கள்.

உங்கள் 5 கிலோ கணக்கு

நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். எடையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்று நினைத்தது சரிதான். உங்கள் உயரத்துக்கு 66 கிலோ என்றால் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் அளவு) 27.5 வருகிறது. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2009-ல் வெளியிட்ட அட்டவணையைத்தான் உலகம் முழுக்க அதிகம் பார்க்கிறோம். கர்ப்பத்துக்கு முன் பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே இருந்தவர்கள் 12.5 முதல் 18 கிலோ வரை ஏறலாம். 18.5 முதல் 24.9 வரை இருந்தால் 11.5 முதல் 16 கிலோ. 25 முதல் 29.9 என்றால் 7 முதல் 11.5. அதற்கு மேலே 5 முதல் 9.

இந்தப்படி பார்த்தால் நீங்கள் மூன்றாம் வரிசை. ஆனால் நம் உடம்பு வாகு வேறு. குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை வந்துவிடுகிறது என்பதால் இந்தியாவில் 25-ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். அப்படிப் பார்த்தால் நான்காம் வரிசை. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, உங்களைப் போன்றவர்களுக்கு 7 முதல் 9 கிலோ என்று நான் சொல்வது வழக்கம். ஆக உங்கள் 5 கிலோவுக்கும் என் 7 கிலோவுக்கும் பெரிய சண்டை இல்லை. போகிற வழியில்தான் சண்டை.

ஏறுகிற எடை எங்கே போகிறது என்று தெரிந்தால் மெஷினைப் பார்த்துப் பயம் வராது. பிரசவ நேரத்தில் குழந்தை 3 கிலோ. நஞ்சுக்கொடி அரை கிலோவுக்கு மேல். பனிக்குட நீர் கிட்டத்தட்ட முக்கால் கிலோ. கர்ப்பப்பை மட்டும் ஒரு கிலோ. மார்பகம் அரை கிலோ. உடம்பில் கூடுதலாக ஊறும் ரத்தம் ஒன்றரை கிலோவுக்குப் பக்கம். திசுக்களில் சேரும் நீர் இன்னொரு ஒன்றரை. கூட்டிப் பாருங்கள், 9 கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். இதற்கு மேல் பால் கொடுக்கும் காலத்துக்கென்று உடம்பு மூன்று கிலோ அளவுக்குக் கொழுப்பைச் சேர்த்துவைக்கும். உங்களிடம் அந்தச் சேமிப்பு ஏற்கெனவே இருக்கிறது, அதனால்தான் 9-க்கு மேல் தேவையில்லை என்கிறோம்.

இப்போது உங்கள் 68-ஐயும் 67.2-ஐயும் பார்ப்போம். இந்த ஐந்து வாரத்தில் குழந்தை மட்டுமே ஏறக்குறைய 300 கிராம் கூடியிருக்கும். பனிக்குட நீரும் ரத்தமும் கூடியிருக்கும். இவ்வளவும் ஏறியும் மெஷின் 800 கிராம் குறைத்துக் காட்டுகிறது என்றால், உங்கள் உடம்பிலிருந்து கரைந்தது ஒரு கிலோவுக்கும் மேலே. அதில் கொழுப்பு மட்டும் இல்லை, தசையும் நீரும் இருக்கும். இந்தக் கட்டத்தில் வாரத்துக்குக் கால் கிலோ, அதாவது மாதம் ஒரு கிலோ ஏறினால் உங்களுக்கு மிகச் சரி. இறங்கக் கூடாது. எடையைக் குறைப்பதற்கு வேறு காலம் இருக்கிறது. கர்ப்பத்தில் செய்ய முடிவது ஏறும் வேகத்தைப் பிடித்துவைப்பது மட்டும்தான்.

தினமும் மெஷினில் ஏறுவதை விடுங்கள். முந்தின நாள் ஊறுகாய் தொட்டுக்கொண்டிருந்தால், காலையில் மலம் போகாமல் இருந்தால், அரை கிலோ இப்படி அப்படி ஆடும். அந்த ஆட்டத்துக்கெல்லாம் அழ முடியுமா? ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரே மெஷின், வாரம் ஒரு தடவை போதும். மற்ற நாளில் அது பீரோ மேலே இருக்கட்டும்.

குழந்தை சின்னதாக இருந்தால் பிரசவம் சுலபமா?

நம் ஊரில் பல தலைமுறையாகச் சொல்லிவரும் பேச்சு இது. பாதி உண்மை இருப்பதால்தான் இவ்வளவு நாள் நிற்கிறது. நாலு கிலோ குழந்தைக்கு ஆபரேஷன் வாய்ப்பு அதிகம், நிஜம். உங்கள் அக்காவுக்கு நடந்தது அதுதான். ஆனால் அதைத் திருப்பிப்போட்டு, இரண்டு கிலோ என்றால் சுலபம் என்று சொல்ல முடியாது. தாய்க்குச் சாப்பாடு பற்றாமல் வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைக்குப் பிரசவ வலியைத் தாங்கும் தெம்பு குறைவு. ஒவ்வொரு வலிக்கும் கர்ப்பப்பை இறுகும்போது குழந்தைக்கு வரும் ரத்தம் சற்றுக் குறையும். நல்ல வளர்ச்சியுள்ள குழந்தை சமாளித்துக்கொள்ளும். மெலிந்த குழந்தைக்கு இதயத்துடிப்பு இறங்கும். அப்போது நாங்கள் என்ன செய்வோம்? ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் ஓடுவோம். எதற்குப் பயந்து இரவுச் சாப்பாட்டை விட்டீர்களோ அங்கேயே வந்து நிற்போம்.

இன்னொன்றும் இருக்கிறது. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய குழுவும் அந்தப் பக்கத்துக் கிராமத்துத் தாய்மார்களையும் குழந்தைகளையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடையில் மிகவும் குறைவு. ஆனால் தசைதான் குறைந்திருந்தது, கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க மெலிந்திருந்தாலும் உள்ளே கொழுப்புள்ள உடம்பு. இப்படிப் பிறப்பவர்கள் பிற்காலத்தில் எடை போட்டால் சர்க்கரை சீக்கிரம் வருகிறது. அக்காவுக்கு வந்த சர்க்கரை உங்கள் குழந்தைக்கு வரக்கூடாது என்றுதானே இவ்வளவும் செய்கிறீர்கள்?

இதையெல்லாம் படித்துவிட்டு அத்தை ஜெயித்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேருக்குச் சாப்பிடுவதும் தேவையில்லை. ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020 பரிந்துரைப்படி கர்ப்பிணிக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு நாளைக்கு 350 கலோரி. ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு சின்னக் கிண்ணம் சுண்டல் – கணக்கு முடிந்தது. முன்பே எடை கூடிய உங்களுக்கு அதிலும் கொஞ்சம் குறைவாகவே போதும். அத்தையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “டாக்டர் சோறு கூட வேண்டாம், தினமும் ஒரு முட்டையும் கீரையும் வேணும்னு சொல்லிட்டாங்க அத்தை.” தட்டில் எதையாவது போடாவிட்டால் அவருக்கு மனசு ஆறாது. போடட்டும், முட்டையாகப் போடட்டும்.

நாலு மணித் தட்டுவடை

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு நாள் சாப்பாட்டை மணிவாரியாக எழுதியிருந்தீர்கள். எனக்கு மிகவும் உபயோகமாக இருந்தது. காலை ஷேக். பதினொன்றரைக்குக் கடையில் காபி, நான்கு பிஸ்கட். இரண்டு மணிக்கு டிபன் பாக்ஸில் சோறு, குழம்பு, உருளைக்கிழங்கு. நாலரைக்குத் தட்டுவடை செட் இரண்டு, சில நாள் நொறுக்கல், கூட ஒரு ஃப்ரூட்டி. அப்புறம் மறுநாள் காலை எட்டு மணிவரை ஒன்றுமில்லை.

இரவுச் சாப்பாட்டை விட்டது மிச்சம் என்று நினைக்கிறீர்கள். ராத்திரி விட்ட பசி மறுநாள் நாலரை மணிக்கு வந்து வட்டியோடு வசூல் செய்துகொள்கிறது. எண்ணெயில் பொரித்த நான்கு தட்டுவடையும் ஒரு ஃப்ரூட்டியும் சேர்ந்தால், நீங்கள் விட்ட மூன்று இட்லி சாம்பாரைவிடக் கலோரி அதிகம், சத்து குறைவு. பதினைந்து மணிநேரத்துக்கு மேல் பட்டினி கிடந்தால், சாதாரணப் பெண்ணைவிடக் கர்ப்பிணிக்கு வேகமாக ரத்தத்தில் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது உண்டாகும் பொருள்) சேரும். குழந்தை இரவும் பகலும் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டே இருக்கிறது, உடம்பு கொழுப்பை அவசரமாக எரிக்கிறது. காலையில் வரும் தலைவலிக்கும் குமட்டலுக்கும் அது காரணமாக இருக்கலாம். பேலியோ, 16 மணிநேர விரதம் எல்லாம் இப்போது வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

தட்டுவடையை விடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்து, மேலே புதினாச் சட்னி விட்டு நீட்டினால் சேலத்தில் யார்தான் வேண்டாம் என்பார்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே செட். மற்ற நாளில் நாலரை மணிக்குப் பையில் வேகவைத்த கடலையோ பாசிப்பயறுச் சுண்டலோ இருக்கட்டும், கூட ஒரு கொய்யா. ஃப்ரூட்டியை மட்டும் அறவே விட்டுவிடுங்கள், அது வெறும் சர்க்கரைத் தண்ணீர்.

மதியத் தட்டில் பாதி காயும் கீரையும், கால் பாகம் சோறு, கால் பாகம் பருப்போ முட்டையோ மீனோ. உருளைக்கிழங்கு காய் இல்லை, அதுவும் சோற்றுக் கணக்கு. களி சாப்பிட்டால் எடை ஏறாது என்பார்கள். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து நிறைய, நல்லதுதான். ஆனால் மூன்று உருண்டை உருட்டி விழுங்கினால் சோறு மாதிரியேதான். கீரைக் கடைசலோடு ஒரு உருண்டை. ‘சூடு தணியும்’ என்று கொடுக்கும் ஜவ்வரிசிக் கஞ்சியில் ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. நம் ஊர்த் தொழில் என்பதற்காக நான் அதற்குச் சிபாரிசு செய்ய முடியாது. மாம்பழம் வந்தால் மல்கோவாவில் இரண்டு துண்டு, சாப்பாட்டோடு சேர்க்காமல் தனியாக.

இரவு எட்டரைக்குக் கடை விட்டு, வீட்டுக்கு வந்து ஒன்பதரைக்குச் சமைக்கச் சொன்னால் நடக்காது என்று எனக்கும் தெரியும். ஏழு மணிக்குக் கடையிலேயே இரண்டு சப்பாத்தியோ இட்லியோ சாம்பாரோடு முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் பால் குடிக்கலாம். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடங்கள். கடைக்குள்ளேயே மாடி வராந்தாவில் நடந்தாலும் சரி. சர்க்கரையைக் கட்டுப்படுத்த மருந்தில்லாத வழி இது. ரத்தக்கசிவு, நஞ்சுக்கொடி கீழே இருப்பது, கர்ப்பப்பை வாய்ப் பிரச்சினை போன்றவை இருந்தால் மட்டும் நடையைப் பற்றி உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பவுடரும் மாத்திரையும்

ஷேக் பவுடரை இன்றே நிறுத்துங்கள். அந்த டப்பாவைப் பையில் போட்டு உங்கள் டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள். உணவுக்குப் பதிலாகக் குடிக்கும் எடைக்குறைப்புப் பவுடர்கள் கர்ப்பிணிக்காகச் செய்யப்பட்டவை இல்லை. பல டப்பாக்களில் பொடி எழுத்தில் அதைப் போட்டுமிருப்பார்கள். சிலவற்றில் காஃபின் இருக்கும், மூலிகைச் சாறுகள் இருக்கும், அவை எவ்வளவு என்று தெரியாது. அரசு உரிம எண் போட்டிருக்கிறது என்று அவர் காட்டுவார். உணவுப் பொருள் விற்க உரிமம் வாங்கியிருக்கிறார் என்பதற்குத்தான் அது சான்று, வயிற்றுப்பிள்ளைக்கு நல்லது என்பதற்கு அல்ல. நிலாவரை கலந்த ‘ஸ்லிம்’ டீயையும் யாராவது நீட்டினால் தொடாதீர்கள். அது பேதிக்கானது, போவது தண்ணீர்தான்.

இரும்புச்சத்து மாத்திரை எடை ஏற்றாது, குழந்தையைக் கறுப்பாக்காது. மலம் கறுப்பாகப் போகும், அதைப் பார்த்து வந்த கதையோ என்னவோ. கால்சியமும் குழந்தையின் மண்டையைக் கெட்டியாக்காது. பிரசவத்தில் தலை எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறி வழிவிடும்படிதான் இயற்கையே அமைந்திருக்கிறது, மாத்திரையால் அது மாறாது. நீங்கள் சாப்பிடாவிட்டாலும் குழந்தை தனக்கு வேண்டிய கால்சியத்தை உங்கள் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டில் கால்சியம் குறைவாக இருக்கும் நம் பெண்களுக்கு, கர்ப்பகால ரத்தக்கொதிப்பைத் தடுக்கவும் இந்த மாத்திரை உதவுகிறது. இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். கால்சியம் காலையிலும் மதியமும் சாப்பாட்டோடு, இரும்பு இரவு சாப்பிட்டபின். காபி, டீக்கும் இரும்பு மாத்திரைக்கும் ஒரு மணிநேரமாவது இடைவெளி இருக்கட்டும். இரண்டு மாதம் விட்டிருக்கிறீர்கள், ஹீமோகுளோபின் பார்த்துவிடுவது நல்லது. 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை.

சர்க்கரைப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தைகூடக் கடிதத்தில் இல்லை. அக்காவுக்கு வந்திருப்பதால் உங்களுக்கு முதல் செக்கப்பிலேயே பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தாலும், 24-லிருந்து 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அதாவது இப்போது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணிநேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றில் வரத் தேவையில்லாத இந்த முறைக்கு வழி காட்டியவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்கிறார்கள். டெஸ்ட்டுக்கு மூன்று நாள் முன்னாலேயே சோற்றை நிறுத்திவிட்டு, பரீட்சையில் பாஸாகிற மாதிரி வருபவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அப்படி வந்தால் முடிவையே நம்ப முடியாது.

கடையில் நிற்பது

பத்து மணிநேரம் நின்றுகொண்டே இருப்பதை ‘நல்ல எக்சர்சைஸ்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. கால் வீங்கும், நரம்பு சுருளும், எடை குறையாது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தமே வந்துவிட்டது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருவது நீங்கள் கெஞ்சி வாங்க வேண்டிய சலுகை இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில், பிரசவத்துக்கு முந்தைய ஒரு வருடத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு முன் அதில் 8 வாரம்வரை எடுக்கலாம். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள், பிடித்தால் அந்தப் பணம் அங்கிருந்து வரும்.

கொலுசு இறுகினால்

எடை மெதுவாக ஏறினால் சாப்பாடு. திடீரென்று ஏறினால் வேறு விஷயம். ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறி, முகமும் கையும் வீங்கினால் அது கொழுப்பு இல்லை, நீர். கர்ப்பகால ரத்தக்கொதிப்பின் அடையாளமாக இருக்கலாம். சேலத்துப் பெண்களுக்கு நான் ஒரு சுலபமான அளவுகோல் சொல்வதுண்டு. காலையில் எழுந்ததும் கொலுசுக்கும் கணுக்காலுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிறதா என்று பாருங்கள். சாயங்காலம் கொஞ்சம் இறுகுவது சகஜம். ராத்திரி முழுக்கக் காலை நீட்டிப் படுத்தும் காலையில் விரல் நுழையவில்லை, மோதிரமும் கழலவில்லை என்றால் அன்றைக்கே பிரஷர் பார்த்துவிடுங்கள். 140/90 வந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

விடாத தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குக் கீழே வலது பக்கம் வலி, மயக்கம், ரத்தக்கசிவு, குழந்தையின் அசைவு குறைவது – எதுவாக இருந்தாலும் நேரம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இப்போதைக்கு அவசரம் இல்லாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் ஒரு செக்கப் வேண்டும். எடை இறங்கியிருக்கிறது என்று சொல்லி, குழந்தையின் வளர்ச்சியை ஸ்கேனில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீரில் கீட்டோனும் பார்க்கட்டும்.

பிரசவத்துக்கு அப்புறம் என்ன என்று கேட்பீர்கள். ஏறிய 9 கிலோவில் பெரும்பகுதி முதல் ஆறு வாரத்துக்குள் தானாக இறங்கிவிடும். மிச்சத்துக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகட்டும், தாய்ப்பால் கொடுங்கள், பத்தியம் என்ற பெயரில் தினமும் நெய்யை ஊற்றாமல் இருங்கள். இப்போது அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அப்புறம், உங்கள் அக்கா. எடை இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, பிரசவத்துக்குப் பிறகு ஒரு தடவையாவது சர்க்கரை பார்த்தாரா என்று எழுதவில்லை. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்கள் பிரசவமாகி ஆறு வாரத்தில் ஒரு தடவையும், அதன்பின் வருடம் ஒரு தடவையும் பார்க்க வேண்டும். பலர் பார்ப்பதில்லை, குழந்தை பிறந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். நீங்கள் குளுக்கோஸ் டெஸ்ட்டுக்குப் போகும் நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் மட்டும் காலையில் சாப்பிடாமல் வரட்டும்.